வீட்டைப் பார்க்கும் பக்கம்

மாரிசெல் கௌனா அந்த வாரத்தின் மூன்றாவது ஊசிக்காக என் சமையலறைக் கதவைத் தட்டியபோது ஊரே மதியத் தூக்கத்தில் இருந்தது. நவம்பர் மாதம். வடக்குக் காற்று நாலு நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று கிளம்பினால் எங்கள் புவெர்த்தோ லாஸ்தேனியாவில் நாய்க்குக்கூடத் தலைவலி வரும், புருஷன் பெண்டாட்டிக்குள் காரணமே இல்லாமல் சண்டை மூளும். எனக்குச் சண்டை போட ஆளில்லை என்பதால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"தெல்மாக்கா, ஒண்ணே ஒண்ணு. இதான் கடைசி."

"திங்கக்கிழமையும் இதான் கடைசின்ன."

"அது அந்தக் கடைசி."

இந்த ஊர் மருந்தகத்தில் நான் இருபத்தேழு வருடமாக நர்ஸ். வலி என்று வருகிறவர்களுக்கு ஊசி போட்டே பழகிய கை. பக்கத்து வீட்டுப் பெண், கண்ணெதிரே வளர்ந்தவள், கேட்டால் மறுக்க வாய் வரவில்லை. ஆனால் அன்று அவள் தலையைப் பார்த்தேன். எப்போதும் இறுகப் பின்னி முடிந்திருக்கும் முடி, கலைந்து தோளில் கிடந்தது.

"தலை ஏன் வாரல?"

"வேர்க்குது, அதான்."

"அந்த அலமாரி மேல சர்க்கரை டப்பா இருக்கு. எடு."

இடது கையை நீட்டினாள்.

"வலது கையால எடுடி."

வலது கை பாதி தூரம் எழுந்தது. அங்கே நின்றது. மிச்சத் தூரத்துக்கு உடம்பையே சாய்த்துக் குதிகாலை உயர்த்தினாள். விரல் டப்பாவைத் தொடுவதற்குள் உதட்டைக் கடித்துவிட்டாள். நான் ஊசிக்குழாயை உறையோடு மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

"எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க," என்றாள். வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடக்க வருகிறதோ இல்லையோ, நீந்த வந்துவிடும். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு பரானா நதியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நீச்சல் போட்டி. மேலே செர்ரித்தோ துறையில் குதித்தால் கீழே எங்கள் படகுத்துறையில் ஏறவேண்டும். ஆறு மணி நேரம். ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் பக்கத்திலேயே ஒரு துடுப்புப் படகு வரும். துடுப்பு போடுகிறவர் ஒருவர். பின்னால் உட்கார்ந்து பலகையில் எழுதிக் காட்டி, நீளக் கழியின் நுனியில் தேநீரும் வாழைப்பழமும் நீட்டுகிறவர் இன்னொருவர். தண்ணீரில் கிடப்பவருக்கு அந்தப் படகைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கிடையாது. அதனால் எங்கள் ஊரில் அந்தப் படகுக்கு வீடு என்றே பேர். மூச்சு வாங்கத் தலையைத் திருப்புவதை 'வீட்டைப் பார்க்கிறது' என்போம். "உன் மகன் எந்தப் பக்கம் வீட்டைப் பாக்கறான்?" என்று கேட்டால் வெளியூர்க்காரன் விழிப்பான்.

மாரிசெலுக்கு வீடு எப்போதும் இடது பக்கம். பத்து வயதில் முதல் தடவை படகோடு ஆற்றில் இறங்கியதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை இடது பக்கம்தான். துடுப்பு அவள் அப்பா எவாரிஸ்தோ. பலகையும் கழியும் அம்மா சுலேமா. போன வருடம் இரண்டாவதாக வந்தாள். இந்த வருடம் முதலில் வந்தால் தேசிய அணியில் எடுப்பார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மீன் பிடித்தும் சரக்கு ஏற்றியும் பிழைக்கிற எவாரிஸ்தோ, மகள் பெயரைப் படகின் மூக்கில் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் அவளை நகரத்துக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். தலைவலிக்குக் கண்ணாடி வாங்கப் போகிறோம் என்று வீட்டில் ஒரு பொய். அங்கே பெத்தினா என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். சின்ன உருவம், வெடுக்கென்று பேசுவாள். மாரிசெலின் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கினாள், ஓர் இடத்தில் அவள் முகம் சுருங்கியதும் நிறுத்தினாள். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா என்று கேட்டாள். முடியவில்லை. எத்தனை மாதமாக? எட்டு. எனக்கே அது புதிது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நீந்தற?"

"பன்னெண்டு கிலோமீட்டர். சனிக்கிழமை பதினெட்டு."

"எந்தப் பக்கம் மூச்சு?"

"இடது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப கேட்டுக்க. நீ தலையை இடது பக்கம் திருப்பற நேரம், வலது கை முன்னாடி நீண்டிருக்கு. உடம்பு பாரம் மொத்தமும் அது மேல. அதோடயே தண்ணிய இழுக்கற. பன்னெண்டு கிலோமீட்டருக்கு நாலாயிரம் தடவையாவது வரும். வருஷத்துல முந்நூறு நாள். கதவைத் திறந்து மூடறதுக்கே கீல் தேயுது, இது சதை. தோளுக்குள்ள இருக்கற தசைநாண் நைஞ்சு போயிருக்கு. ஊசி போட்டா வலி தெரியாது, அவ்வளவுதான். வலி தெரியாம நீந்தி நீந்தி ஒரு நாள் அறுத்துப்ப. ஊசி போட்டது யாரு?"

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். பெத்தினாவும் மேலே கேட்கவில்லை.

ஆறு வாரம் கை தண்ணீரில் படக்கூடாது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம், ஆனால் முதல் சில மாதம் வலது பக்கம்தான் மூச்சு. அப்புறம் இரண்டு பக்கமும். இப்படியே போட்டிக்குப் போனால் அதுதான் கடைசிப் போட்டியாக இருக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "வலது பக்கம் மூச்சு வருமான்னு மட்டும் பாக்கணும், ரெண்டே நிமிஷம்," என்று அங்கிருந்த சின்னக் குளத்தில் இறக்கினாள்.

மாரிசெலுக்கு வலது பக்கம் மூச்சு வராது என்பது ஊரறிந்த சங்கதி. பயிற்சியாளர் எல்வியோ பத்து வருடமாகத் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தவர். திருப்பினால் மூக்கில் தண்ணீர் ஏறுகிறது என்பாள், இருமுவாள், அழுவாள். அவரும் விட்டுவிட்டார். அன்று அந்தக் குளத்தில் அவள் வலது பக்கம் தலையைத் திருப்பி நீந்தியதைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே நீந்துகிறவள்போல நீந்தினாள்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "இத்தனை நாள் வராதுன்னியே?"

"இன்னிக்கு வந்துருச்சு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயத்தை வீட்டில் நான்தான் சொன்னேன். எவாரிஸ்தோ முற்றத்தில் பலகை போட்டு சாபலோ மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். சுலேமா உள்ளே ஒவ்வொன்றாகப் பொரித்துக்கொண்டிருந்தாள். எல்வியோவையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் வரும்போதே ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சூட்டில் ஊதினார்.

எவாரிஸ்தோ கத்தியை நிறுத்தவில்லை. "அந்தப் பொம்பளை ஆத்துல எறங்கியிருக்காளா?"

"தோள் ஆத்துல இல்ல கௌனா, உடம்புல இருக்கு," என்றார் எல்வியோ. "ஆறு வாரம் உக்காரட்டும். அப்புறம் நீ படகை வலது பக்கம் கொண்டா. அவ்வளவுதானே. இதுக்கு ஏன் செத்த வீடு மாதிரி எல்லாரும் நிக்கறீங்க?"

"வலது பக்கம் முடியாது."

"ஏன் முடியாது?"

"பெரிய கப்பல் போற வழி இடது பக்கம். அலை வந்தா படகுதான் தடுக்கணும்."

"லா பொம்பா தீவு தாண்டினா கப்பல் வழி வலது பக்கம் வந்துடுது. எனக்கே ஆறு சொல்லித் தரியா?"

"அவளுக்கு அந்தப் பக்கம் மூச்சு வராது. நீதானே சொன்ன."

"வருது," என்றேன் நான். "கண்ணால பாத்தேன்."

கத்தி நின்றது. எவாரிஸ்தோ மகளைப் பார்த்தார். மாரிசெல் வாசற்படியில் உட்கார்ந்து காலால் செதிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வருதா ஒல்லி?"

"கொஞ்சம்."

"முடியாதுன்னா முடியாது," என்றார் மறுபடி. "பன்னெண்டு வருஷமா என் இடது கைப் பக்கம் வச்சு ஓட்டறேன். அப்படித்தான் ஓட்டத் தெரியும். வேற ஆள் வேணும்னா பாத்துக்கங்க."

"கழுதைகூட மூணாவது அடியில நகரும்யா," என்றார் எல்வியோ. "பொண்ணு தோளை விட உனக்கு உன் பக்கம் பெருசாப் போச்சு."

எவாரிஸ்தோ கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார். சுலேமா அடுப்பை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே மீன் கருகும் வாசம் வந்தது. இருபத்தைந்து வருடமாக அவள் கையால் ஒரு மீன் கருகி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு ஆத்திரம். சொந்த மகள் தலை வார முடியாமல் நிற்கிறாள், இவர் பிடித்த பிடியில் நிற்கிறார் என்று வாய்விட்டே திட்டினேன்.

ஆறு வாரமும் மாரிசெல் தண்ணீரில் இறங்கவில்லை. முற்றத்து ஆரஞ்சு மரத்தில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி, காலையிலும் மாலையிலும் இழுத்தாள். தோள்பட்டையைப் பின்னால் அழுத்திச் சுவரோடு நின்றாள். மற்ற நேரம் அம்மாவோடு வலை தைத்தாள், அப்பாவுக்கு மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். நீந்தாத நீச்சல்காரியை வீட்டில் வைத்திருப்பது கஷ்டம். காரணமில்லாமல் கதவுகள் அறைந்து சாத்தப்படும். ஜனவரி நடுவில் அவளே தலை வாரிப் பின்னிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன், அவள் சிரித்தாள்.

அந்த வாரமே பெத்தினா இரண்டு கிலோமீட்டருக்கு அனுமதி கொடுத்தாள். வலது பக்கம் மூச்சு, நிதானமான வேகம், கூட யாராவது கவனிக்கவேண்டும். எவாரிஸ்தோ ஒருவழியாக, "சரி, ஒரு தடவை வலது பக்கம் வரேன், நீங்களே பாத்துக்கங்க," என்றார். எல்வியோ பேசிப் பேசிக் கரைத்திருந்தார். படகில் ஏறும் நேரம் சுலேமா என்னிடம் பலகையையும் கழியையும் நீட்டினாள்.

"நீங்க போங்க தெல்மா. எனக்கு இன்னிக்கு வேணாம்."

"இவ்வளவு நாள் கழிச்சு எறங்கறா, நீ வராம?"

"வேணாம்," என்றாள். இரண்டையும் என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

காலை ஏழு மணி. ஆறு பழுப்பாக, கனமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாரிசெல் இறங்கினாள். துடுப்பு போடுகிறவர் படகின் பின்பக்கம் பார்த்து உட்காருவார். நான் அவருக்கு எதிரே பின்பலகையில். எனக்கு எவாரிஸ்தோவின் முகமும் தெரிந்தது, தண்ணீரில் அவளும் தெரிந்தாள். அந்த வலது கை நீண்டு நீண்டு வந்தது. வலி இருந்தால் விரல் விரியும் என்று பெத்தினா சொல்லியிருந்தாள். விரல் விரியவில்லை. நான் சந்தோஷத்தில் பலகையில் 'ராணி' என்று எழுதிக் காட்டினேன்.

எவாரிஸ்தோ சந்தோஷப்படவில்லை. ஒவ்வொரு துடுப்புக்கும் கழுத்தை முறுக்கி முறுக்கித் திரும்பினார். கால் மணியில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நாற்பது வருடம் துடுப்பு போட்ட ஆள், கத்துக்குட்டி மாதிரி தண்ணீரை வாரி என்மேல் அடித்தார். வளைவில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று, பசு படுத்திருக்கிற அகலத்துக்கு, எங்களை நோக்கி மிதந்து வந்தது. அவர் அதற்காகப் படகைத் திருப்பினார். திருப்பிவிட்டுக் கேட்டார்:

"எங்க அவ?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மாரிசெல் அவருடைய வலது துடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

"தெல்மா, எங்க அவ?" அவர் தண்ணீரையே பார்த்துத்தான் கேட்டார். துடுப்பு இறங்கியது. அவள் முதுகில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அலறிவிட்டேன் போலிருக்கிறது. மாரிசெல் புரண்டு வந்து படகின் விளிம்பைப் பிடித்துவிட்டாள், இடது கையால். முதுகில் சிவப்பாக ஒரு கோடு, தோளுக்கு நாலு விரல் கீழே. துடுப்புகள் இரண்டும் தண்ணீரில் தொங்கின. படகு தன் போக்கில் சுற்றியது. எவாரிஸ்தோ, அவள் முனகல் கேட்ட பக்கம் முழு உடம்பையும் திருப்பிய பிறகுதான் மகளைக் கண்டார். அப்போது எனக்குப் புரிந்தது. எத்தனை வருடம் எதிரெதிரே பார்த்துப் பேசியிருக்கிறேன், அந்த வலது கண் வெறும் அலங்காரம் என்று எனக்குத் தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"வலை இழுக்கறப்ப கயிறு அறுந்து ஈயக்குண்டு அடிச்சுதே, நீங்ககூட மருந்து விட்டீங்களே. செவப்பு போச்சு. பார்வை வரல." அவர் என்னிடம் பேசினாலும் பார்த்தது மகளை. "ஒத்தைக் கண்ணனுக்கு எவன் படகு உரிமம் தருவான்? உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு..."

"தெரியும்," என்றாள் மாரிசெல்.

"என்ன தெரியும்?"

"எனக்குப் பத்து வயசு. படகுத்துறையில உங்க வலது பக்கம் உக்காந்து நாக்கை நீட்டிக் காட்டினேன். நீங்க திட்டல. மறுநாளும் காட்டினேன். அதுக்கு மறுநாள் வேற என்னென்னமோ காட்டினேன், அதெல்லாம் தெல்மாக்கா முன்னாடி சொல்ல முடியாது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்புறம் ஆத்துல எறங்கறப்ப, அந்தப் பக்கம் வந்தா நீங்க என்னைத் தொலைச்சிடுவீங்கன்னு தோணுச்சு. அதான் மூச்சு வராதுன்னுட்டேன்."

"பன்னெண்டு வருஷமாவா?"

"பழகிடுச்சுப்பா."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. நானே துடுப்பை எடுத்துத் தட்டுத்தடுமாறிக் கரைக்குக் கொண்டுவந்தேன். கரையில் நின்ற சுலேமா எங்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "தண்ணிய விட்டு ஏறுடி," என்று மட்டும் சொல்லித் துண்டை விரித்தாள்.

அந்த வருடம் மாரிசெல் போட்டிக்குப் போகவில்லை. தோள் என்று ஊருக்குச் சொன்னோம், அது பொய்யும் இல்லை. போட்டி நாளன்று அப்பாவும் மகளும் வீட்டுக்குள்ளேயே சீட்டு ஆடினார்கள். கண்ணைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் உரிமம் போனால் சரக்குப் படகு போகும், அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான்.

மார்ச் மாதம் படகோட்டிகளுக்கு வருடாந்திரப் பரிசோதனை. இரத்த அழுத்தம், காது, கண். எங்கள் மருந்தகத்தில் நான்தான் பார்த்துப் படிவம் எழுதி, துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எவாரிஸ்தோ முறை வந்ததும் சலவைச் சட்டையோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். எனக்கு அவரைக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"வருஷா வருஷம் இங்க உக்காந்து எப்படித் தேறினீங்க?"

"நீங்க எழுத்துப் படத்துக்குப் பக்கத்துல நின்னு குச்சியால காட்டுவீங்க. முதுகு என் பக்கம். ஒரு கண்ணை மூடுங்கம்பீங்க, வலது கையால வலது கண்ணை மூடுவேன். இப்ப அடுத்ததும்பீங்க, இடது கையால மறுபடி அதே வலது கண்ணை மூடுவேன். கை மாறினா போதும், கண்ணு மாறினதா நீங்களும் நினைச்சுப்பீங்க."

பன்னிரண்டு வருடம் குச்சியை வைத்துக்கொண்டு நின்ற முட்டாள் நான். வெட்கத்தில் காது சுட்டது.

"இன்னிக்குத் திரும்பிப் பாருங்க," என்றார். உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். "கேளுங்க."

"முதல் வரி?"

"ஒண்ணும் தெரியல."

"பெரிய எழுத்து?"

"நீங்க எங்க நிக்கறீங்கன்னே தெரியல. எழுதுங்க."

"எழுதினா உரிமம் போயிடும்."

"சுலேமா பேருக்கு மனு போட்டாச்சு. அவ துடுப்பைப் பாத்திருக்கீங்களா? என்னை விட நேராப் போடுவா. நான் பின்னாடி பலகையோட உக்காரப் போறேன். பின்பலகையில முன்னாடி பாத்து உக்காந்தா, படகு அவளுக்கு வலது பக்கம் வந்தாலும் ஒல்லி எனக்கு இடது பக்கம்தான் வரா." கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இடம் மாறி உக்காந்தா முடிஞ்சுது நர்ஸம்மா. துடுப்பைக் கைவிட மனசு வந்திருந்தா அன்னைக்கே தோணியிருக்கும். அவ தோளாவது மிஞ்சியிருக்கும்."

"மிஞ்சும். அடுத்த பிப்ரவரிக்கு எறங்கலாம்னு பெத்தினா சொல்லிட்டா."

அவர் தலையை ஆட்டினார். நான் படிவத்தில் 'வலது கண் பார்வை இல்லை' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"எப்பலேர்ந்துன்னு கேக்குது."

அவர் கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குக் காலைலேர்ந்துன்னு போடுங்க. தூங்கி எழுந்தேன், தெரியலன்னு. பன்னெண்டு வருஷம்னு போட்டா, அத்தனை வருஷமும் கையெழுத்து யாருதுன்னு கேப்பாங்க. ஓய்வு வாங்க உங்களுக்கு மூணு வருஷம்தானே இருக்கு."

அந்தக் குடும்பத்துக்கு அது இரத்தத்திலேயே ஊறிய பழக்கம். அடுத்தவர் குறையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். அப்படி மூடிக்கொண்டதில்தான் ஒரு பெண்ணின் தோள் நூலாய் நைந்தது, நான் அதன்மேல் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருடம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.